வெந்நீர் வழக்கு

எங்கள் தெருவில் ஒரு பெண்ணை மூன்றரை மாதம் திருடி என்று சொன்னார்கள். அவர் செய்ததெல்லாம் வெயிலில் தண்ணீர் காய வைத்ததுதான். ஆத்திரம் ஆறின பிறகு எழுதலாம் என்று ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. அதனால் ஆத்திரத்தோடேயே எழுதுகிறேன்.

அவரை எல்லோரும் ரேடியேட்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். லாரி, பஸ் ரேடியேட்டர்களில் ஓட்டை அடைக்கிற பட்டறையில் பத்தொன்பது வருஷமாக வேலை. அங்கே ஆறு பேர், அவர் ஒருவர்தான் பெண். சேர்ந்த புதிதில் பெருக்கவும் டீ வாங்கவும்தான் வைத்திருந்தார்கள். ஒரு நாள் பற்றவைக்கிற ஆள் வரவில்லை. லாரிக்காரர் ஒருவர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் பற்றவைக்கிற கோலை எடுத்தார். அடைத்த ஓட்டை அந்த லாரி கிழமாகி உடைக்கப் போகும்வரை ஒழுகவில்லையாம். அதற்குப் பிறகு பட்டறையைப் பெருக்குவதற்கு வேறு ஆள் வந்தது.

அவர் கணவர் மீன் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவர். பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுகிற மனிதர். நாள் முழுக்கப் பனிக்கட்டிக்குள் நின்றுவிட்டு வருவார். கையும் காலும் வெளுத்து, கட்டை மாதிரி விறைத்திருக்கும். ஒரு வாளி சூடான தண்ணீரில் காலை வைத்து அரை மணி உட்கார்ந்தால்தான் அவருக்கு விரல் மடங்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாத மீன் வாடைக்கு இன்னொரு வாளி. இரண்டு பெண்பிள்ளைகள், பெரியவள் கல்லூரியில், சின்னவள் பள்ளிக்கூடத்தில். ஆக அந்த வீட்டில் வெந்நீர் ஆடம்பரம் இல்லை, மருந்து.

நான் அவர்களுக்குக் கீழ் வீட்டில் குடியிருக்கிறேன். மின்சார ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதனால் இந்தக் கதையில் வருகிற காகிதம் ஒவ்வொன்றும் என் கையைத் தாண்டித்தான் போனது. யாரும் சொல்லிக் கேட்டு எழுதவில்லை.

வாளிக்குள் போடுகிற ஹீட்டர் கம்பியில்தான் அவர்கள் தண்ணீர் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கம்பி கரண்ட்டை யானை கரும்பு தின்பது போலத் தின்னும். எங்கள் ஊர் மின்சாரக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு எல்லை வரை ஒரு விலை. அந்த எல்லையை ஒரு யூனிட் தாண்டினாலும் முதலிலிருந்து மொத்தத்துக்கும் வேறு விலை. அக்கா வீடு ஒவ்வொரு முறையும் பதினைந்து, இருபது யூனிட்டில் தாண்டிவிடும். ஒரு நாள் பில்லைத் தூக்கிக்கொண்டு கவுன்ட்டரில் போய்க் கேட்டார்.

"சார், இருபது யூனிட் கூடினதுக்கு ஒன்றரை மடங்கா?"

கவுன்ட்டரில் இருந்தவர் தலை நிமிரவில்லை. "ஏம்மா, அளவா செலவு பண்ணுங்க. சிக்கனம்னு ஒண்ணு இருக்கில்ல?"

அக்கா வெளியே வந்து என் கடைப் படியில் நின்றார். மூக்கு விடைத்திருந்தது.

"தம்பி, சிக்கனத்தை எனக்குச் சொல்லித் தர்றான். என் வீட்டுல ஒரு பல்பு எரிஞ்சா இன்னொரு பல்பு தூங்கும். சரி, பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையே வேலை ஆரம்பித்துவிட்டது.

பட்டறையின் பின்பக்கம் கழித்துப்போட்ட லாரி ரேடியேட்டர்கள் குவிந்து கிடக்கும். பழைய இரும்புக்காரர் கொடுக்கிற விலையைத் தானே கொடுப்பதாகச் சொல்லி இரண்டை வாங்கி வந்தார். அவருக்கு அது ஒன்றும் அதிசய யோசனை இல்லை. "தம்பி, ரேடியேட்டர் வேலை என்ன? எஞ்சின் சூட்டை வாங்கிக் காத்துல விடறது. அதைத் திருப்பிப் போட்டா வெயில் சூட்டை வாங்கித் தண்ணியில விடும். அவ்வளவுதான்." இதைச் சொன்னபோது அவர் மொட்டைமாடியில் மண்டி போட்டு, இரண்டு ரேடியேட்டரையும் ஒரு குழாயால் பக்கவாட்டில் இணைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் போக மூன்று நாள் சலவைச் சோடாக் கரைசல் ஊற்றிக் கழுவினார். ரேடியேட்டர் வாயை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றடித்துப் பார்த்தார். நாலு இடத்தில் குமிழி வந்தது, நாலையும் அடைத்தார். மேலே கரியும் பெயின்ட்டும் கலந்து, பளபளப்பு இல்லாத கறுப்பு அடித்தார்.

பெட்டிக்குப் பழைய கதவுப் பலகை. மேலே மூட, இடித்த வீடொன்றிலிருந்து வாங்கிய ஜன்னல் கண்ணாடி. சூடு பின்பக்கம் ஓடாமல் இருக்க, கணவர் கிடங்கிலிருந்து கொண்டு வந்த உடைந்த தெர்மாகோல் மீன்பெட்டிகள். வெந்நீரைச் சேமிக்க, ஒரு உணவகத்தில் கழித்துப்போட்ட எவர்சில்வர் டிரம். அதைச் சுற்றிப் பழைய மெத்தைப் பஞ்சு, அதற்கு மேல் தார்ப்பாய்.

முதல் தடவை தோல்வி. தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. அதோடு மூன்றாம் நாள் மாடியிலிருந்து இறங்கி வந்த நாற்றத்தில் தெருப் பூனைகளெல்லாம் எங்கள் வாசலில் கூடிவிட்டன. பெட்டிக்குள் தெர்மாகோல் உருகிச் சுருங்கி, அதில் ஊறியிருந்த மீன் வாடை வெந்து கிளம்பியிருந்தது. அக்காவின் கணவர் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கிடங்கே தேவலாம்," என்றார். அந்த மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான நகைச்சுவை அதுதான்.

அக்கா சிரிக்கவில்லை. பெட்டியைப் பிரித்தார். பஸ் எஞ்சின் மூடிக்குள் வைக்கிற கண்ணாடிப் பஞ்சைப் பட்டறையிலிருந்து கொண்டு வந்து தெர்மாகோலுக்குப் பதில் திணித்தார். அடுத்து, தண்ணீர் ஏன் ஓடவில்லை என்று பார்த்தார். சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், மோட்டார் வேண்டாம். அதற்காகத்தான் டிரம்மைப் பெட்டிக்கு மேலே உயரமாகத் தூக்கி வைத்திருந்தார். ஆனால் மேலே போகிற குழாய் நடுவில் ஒரு விரற்கடை மேடாக வளைந்து, மறுபடி இறங்கிப் போயிருந்தது. அந்த மேட்டில் காற்று அடைத்துக்கொண்டு நின்றது. குழாயை அறுத்து ஒரே ஏற்றமாகப் போட்டார்.

அடுத்த நாள் மாலை நாலு மணிக்குக் குழாயைத் திறந்தார். கணவர் கையை நீட்டினார், "ஷ்" என்று இழுத்துக்கொண்டார். பிறகு பச்சைத்தண்ணீர் கலந்து, வாளியில் காலை வைத்து உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் அரை மணி இல்லை, ஒன்றரை மணி உட்கார்ந்திருந்தார். அக்கா அந்தக் குழாய்க்கு மேலே சிவப்புப் பெயின்ட்டில் எழுதி வைத்தார்: 'குளிக்க மட்டும். குடிக்காதே, சமைக்காதே.' "ஈயம் வெச்சுப் பத்தவெச்சது தம்பி. வயித்துக்குள்ள போகக் கூடாது," என்றார். அவ்வளவு கவனமான மனுஷி.

அடுத்த பில் பாதிக்கும் கீழே வந்தது. அதற்கடுத்ததும் அப்படியே.

மூன்றாவது பில்லுக்குப் பதிலாக ஜீப் வந்தது.

மத்தியான நேரம். சோதனை அதிகாரி ஒருவர், கூட மூன்று பேர். அன்றைக்கு அக்காவின் கணவருக்கு வார விடுமுறை. நான் சாப்பிட வந்திருந்தேன். அக்காவுக்குப் போன் போட்டதும் பட்டறையிலிருந்து கரிக்கையோடு ஓடி வந்தார்.

"உங்க வீட்டு ரீடிங் திடீர்னு பாதியாயிருக்கு. மீட்டர்ல கை வெச்சிருக்கீங்க," என்றார் அதிகாரி. சந்தேகமாகச் சொல்லவில்லை, தீர்ப்பாகச் சொன்னார்.

"கை வெக்கல சார். வெந்நீருக்கு மாடியில வெயில் பெட்டி போட்டிருக்கேன். வாங்க, காட்டறேன்."

மாடிக்கு வந்தார். பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஷூ முனையால் அதைத் தட்டினார்.

"இது எந்தக் கம்பெனி?"

"நானே பண்ணினது சார்."

அவர் கூட வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா, கண்துடைப்புக்கு ஒரு பெட்டி."

அதுவரை சுவரோரம் நின்றிருந்த அக்காவின் கணவர் முன்னால் வந்து குழாயைத் திறந்துவிட்டார். ஆவி பறக்கத் தண்ணீர் கொட்டியது. "கையை வெச்சுப் பாருங்க," என்றார். அதிகாரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு விரல் நீட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அந்த ஒரு விரலை அவர் நீட்டவில்லை.

மீட்டரைக் கழற்றி மூட்டை கட்டினார்கள். கம்பத்தில் ஏறி இணைப்பை வெட்டினார்கள். 'மின் திருட்டு' என்று அச்சடித்த படிவத்தில் அக்காவிடம் கையெழுத்துக் கேட்டார்கள். அவர் போட மறுத்தார். "போடலன்னா மறுத்தார்னு எழுதிக்குவோம்," என்றார் அதிகாரி. "எழுதிக்கோங்க. நல்லா பெருசா எழுதிக்கோங்க," என்றார் அக்கா. ஜீப் போகும்போது தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. கழுத்தில் பலகை மாட்டி ஊர்வலம் விட்டிருந்தாலும் அவ்வளவு அவமானம் இருந்திருக்காது. நாலாவது வீட்டுக்காரர் சத்தமாகவே சொன்னார்: "நெருப்பில்லாம புகையுமா?" நேற்றுவரை அவர் தன் மோட்டார் சைக்கிளுக்கு ஓசியில் அக்காவிடம் பற்றவைத்துக்கொண்டவர்.

அவமானம் தனியாக வருவதில்லை, கூட்டிக்கொண்டு வரும். பட்டறை முதலாளி, "பட்டறை பேரு கெட்டுப்போகும், பாத்து நடந்துக்கம்மா," என்றார். கிடங்கில் கணவரின் சாப்பாட்டுப் பையைத் தினமும் வாசலில் திறந்து பார்த்தார்கள், அதற்குமுன் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சின்னவளுக்கு 'கரண்ட்டு' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவள் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பிள்ளைகள் விலகி ஓடி விளையாடினார்களாம். அவள் வீட்டில் வந்து சொல்லவில்லை. பெரியவள் எப்படியோ தெரிந்துகொண்டு அம்மாவிடம் சொன்னாள்.

அன்றைக்குத்தான் அக்கா அழுததை நான் கேட்டேன். சத்தம் மேல் வீட்டிலிருந்து வந்தது. பத்து நிமிஷம் இருக்கும். பிறகு குழாயில் முகம் கழுவுகிற சத்தம். பிறகு பெரியவளிடம், "பேனாவை எடுடி," என்று சொன்னது கேட்டது.

பெரியவள் மின்சார ஆபீசுக்கு எழுதிய கடிதங்கள் மொத்தம் ஏழு. முதல் கடிதத்தில் 'மாண்புமிகு', 'தாழ்மையுடன்', 'பணிந்து வேண்டுகிறேன்' எல்லாம் இருந்தன. அக்கா என் கடையில் நின்று படிக்கக் கேட்டுவிட்டு, "இந்தத் தாழ்மையை எடுத்துடு," என்றார். "அம்மா, வழக்கமா அப்படித்தான் எழுதணும்." "வழக்கமா திருடினவங்க எழுதட்டும். நாம நடந்ததை மட்டும் எழுதுவோம்." எடுத்துவிட்டார்கள். கடிதம் பாதியாகச் சுருங்கி, இரண்டு மடங்கு கூர்மையானது.

பத்தாம் நாள் விசாரணை என்று கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். மேலதிகாரியின் அறை. வெளியே கொளுத்துகிற வெயில்; உள்ளே திரையை இழுத்து மூடிவிட்டு நாலு டியூப்லைட், ஏ.சி. வேறு. அக்கா மேலே அண்ணாந்து அந்த நாலு விளக்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்தது.

"சூரியசக்தி கருவின்னா அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தோட சான்றிதழ் இருக்கணும். இருக்கா?" என்றார் மேலதிகாரி.

"இல்ல சார். தண்ணி சுடுது."

"தண்ணி சுடுறது சான்றிதழ் ஆகாதும்மா."

"சார், என் வீட்டுல கரண்ட்டு வெட்டிப் பத்து நாளாச்சு. இன்னைக்குக் காலையில நான் வெந்நீர்லதான் குளிச்சுட்டு வந்திருக்கேன். கரண்ட்டே இல்லாத வீட்டுல வெந்நீர் எங்கேருந்து வருது? அந்தக் கரண்ட்டை யார்கிட்டேருந்து திருடறேன்?"

மேலதிகாரி ஒரு நிமிஷம் பேனாவை உருட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது, அது முகத்தில் தெரிந்தது. ஆனால் புரிந்ததை எழுதுவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

"உங்க கவுன்ட்டர்லதான் சார் சொன்னாங்க, அளவா செலவு பண்ணுங்கன்னு. பண்ணினேன். கூடச் செலவு பண்ணினா அபராத விலை. குறைச்சுச் செலவு பண்ணினா திருடி. எவ்வளவு செலவு பண்ணினா நான் நல்லவ? நீங்களே ஒரு நம்பர் சொல்லுங்க, அந்த நம்பர்ல நிறுத்திக்கறேன்."

"உணர்ச்சிவசப்படாதீங்க. ஆதாரம் இருந்தா கொண்டு வாங்க."

"மாடியில இருக்கு. வந்து பாருங்க."

"நான் நேர்ல வர்றதுக்கு விதியில இடமில்ல. ஆதாரத்தை நீங்கதான் இங்க சமர்ப்பிக்கணும்."

அக்கா எழுந்தார். "சமர்ப்பிக்கறேன்," என்றார்.

அதற்குப் பிறகு வானம் மூடிக்கொண்டது. இரண்டு வாரம் மேகம். அந்த நாட்களில் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றது. கணவருக்காக அடுப்பில் காய்ச்சினார்கள். பிள்ளைகள் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து படித்தார்கள். சின்னவள் மட்டும் என் வீட்டு ஸ்விட்சைத் தானாகப் போட மாட்டாள். என் மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் போடுவாள். அந்தப் பிள்ளை அப்படிக் கேட்கும்போதெல்லாம் என் மனைவிக்கு அந்த ஜீப்பைக் கல்லால் அடிக்க வேண்டும் போல இருக்குமாம்.

இருபத்தாறாவது நாள் சுள்ளென்று விடிந்தது. ஏழரை மணிக்கு ஒரு சரக்கு ஆட்டோ எங்கள் வாசலில் நின்றது. அக்கா, கணவர், நான், ஆட்டோக்காரர் நாலு பேருமாக அந்தப் பெட்டியையும் டிரம்மையும் இரும்பு ஸ்டாண்டையும் இறக்கி ஏற்றினோம். எட்டு மணிக்கு மின்சார ஆபீஸ் முற்றத்தில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினோம். காவலாளி ஓடி வந்தார்.

"என்னம்மா இது? எடு, எடு. சார் வந்தா என் வேலை போயிடும்."

"சார் கேட்டதுதான் அண்ணே. ஆதாரம். சமர்ப்பிக்கச் சொன்னாரு," என்று, ஆதாரம் கொண்டு வருவதாகப் பெரியவள் எழுதித் தந்த கடிதத்தைக் காட்டினார் அக்கா. காவலாளி கடிதத்தைப் படித்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடி கடிதத்தைப் படித்தார். கடைசியில் தன் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு, "சரி, நானும் பாக்கறேன்," என்று உட்கார்ந்துவிட்டார்.

ஆபீஸ் குழாயிலிருந்து, ஆபீஸ்காரர்கள் கண் முன்னாலேயே பச்சைத்தண்ணீர் பிடித்து டிரம்மை நிரப்பினார் அக்கா. பில் கட்ட வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். கவுன்ட்டர்காரர்கூட ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். பத்து மணிக்கு ஒரு கூட்டம், பன்னிரண்டுக்கு இன்னொரு கூட்டம். அக்கா சூரியன் நகர நகரப் பெட்டியை விரல் விரலாகத் திருப்பிக்கொண்டிருந்தார். கணவர் அன்றைக்குச் சம்பளமில்லாத லீவு போட்டு அவருக்குக் குடை பிடித்தார்.

இரண்டு மணிக்கு மேலதிகாரி படி இறங்கி வந்தார். வராமல் முடியாது, முற்றம் நிறைய ஆள். கூட, பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் தெர்மாமீட்டரோடு வந்தார். குழாயைத் திறந்து, வாளியில் பிடித்து, தெர்மாமீட்டரை முக்கினார்.

"அறுபத்திரண்டு டிகிரி," என்றார். பிறகு பெட்டியைக் குனிந்து பார்த்து, "இந்த ஜாயின்ட்டெல்லாம் யார் பத்தவெச்சது? கம்பெனிக்காரன்கூட இவ்வளவு சுத்தமா பண்ண மாட்டான்," என்றார்.

"நான்தான்மா," என்றார் அக்கா.

"நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கவே வேண்டாமேம்மா. உங்க மீட்டரை நான் பரிசோதிச்சு, எந்தக் கோளாறும் இல்ல, யாரும் தொடலைன்னு ரிப்போர்ட் குடுத்துட்டேனே?"

"எப்பம்மா குடுத்தீங்க?" என்று கேட்டார் அக்கா.

"மூணு வாரம் ஆச்சே."

மூன்று வாரம்! அந்த ரிப்போர்ட் மேலதிகாரியின் மேஜையில் ஏதோ ஒரு கோப்புக்குள் சௌக்கியமாகப் படுத்திருந்தது. விசாரணை நடந்த அன்றைக்கும் அங்கேதான் இருந்தது. யாரும் திறக்கவில்லை. அந்த மூன்று வாரமும் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் தீண்டப்படாமல் நின்றது. அக்கா மேலதிகாரியைப் பார்த்தார். அக்கா ஏதாவது கேட்டிருந்தால் அந்த மனிதர் தப்பித்திருப்பார். ஏதாவது பதில் சொல்லியிருப்பார்.

அன்று சாயங்காலமே ஆள் வந்து இணைப்பைக் கொடுத்துவிட்டார்கள். மேல் வீட்டில் விளக்கு எரிந்ததும் என் மனைவி கைதட்டினாள். நாங்கள் எல்லோரும் முடிந்தது என்று நினைத்தோம். அக்காவுக்கு அப்போதுதான் ஆரம்பம்.

ஏனென்றால் நாலு நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. அதில் இப்படி இருந்தது: 'மனுதாரருக்கு இது முதல் முறை என்பதைக் கருத்தில் கொண்டு, அவர் மன்னிக்கப்பட்டு, இனி இவ்வாறு நிகழாதிருக்க எச்சரிக்கப்பட்டு, மறு இணைப்பு வழங்கப்படுகிறது.'

பெரியவள் அதை வாசித்து முடித்ததும் அக்கா மறுபடி வாசிக்கச் சொன்னார். 'மன்னிக்கப்பட்டு' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மன்னிக்கறாங்களா? என்னையா? நான் எப்பக் கேட்டேன்?"

"விடும்மா. லைட்டு வந்துடுச்சில்ல," என்றார் கணவர்.

"லைட்டு வந்துடுச்சு. பேரு வந்துச்சா? இந்தக் காகிதம் அவங்க பீரோவுல இருக்கிற வரைக்கும் நான் மன்னிச்சு விட்ட திருடிதானே?"

"அரசாங்கத்தோட மல்லுக்கட்டி யார் ஜெயிச்சா?"

"ஜெயிக்க வேண்டாங்க. அந்த ஒரு வார்த்தையை அடிச்சாப் போதும்."

அன்றைக்கு அந்த வீட்டில் முதல் முறையாக உரத்த குரல் கேட்டது. கணவர் கோபப்பட்டுக் கீழே வந்து என் வாசல்படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அவ சொல்றதுதான் சரி. எனக்குத்தான் தெம்பு இல்ல," என்று என்னிடம் சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார்.

திங்கட்கிழமை தோறும் அந்த ஆபீசில் குறை கேட்கிற நாள். அக்கா பதினோரு திங்கட்கிழமை போனார். ஒவ்வொரு திங்களும் பட்டறையில் அரைநாள் சம்பளம் போனது. ஒரே மனு, ஒரே வரி: 'மன்னிக்கப்பட்டு என்ற சொல்லையும் எச்சரிக்கப்பட்டு என்ற சொல்லையும் நீக்கவும்.' முதல் வாரம் சிரித்தார்கள். மூன்றாவது வாரம், "அதான் பிரச்சினை தீர்ந்துடுச்சே, வேலையத்த வேலை," என்றார்கள். ஐந்தாவது வாரம் மேலதிகாரி லீவு. ஆறாவது வாரம் மனுவே தொலைந்துவிட்டது என்றார்கள். அக்கா என் கடைக்கு வந்து நகலின் நகலை எடுத்துக்கொண்டு, அடுத்த கால் மணியில் அதே மேஜைக்குத் திரும்பினார். எட்டாவது வாரம் கவுன்ட்டர்காரர் தாங்க மாட்டாமல், "அக்கா, ஒரு வார்த்தைக்கு ஏன் இப்படி அலையறீங்க?" என்று கேட்டார். அவரும் அக்கா என்றுதான் கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

"நீங்க ஒரு வார்த்தையிலதானே தம்பி என்னை முடிச்சீங்க?" என்றார் அக்கா.

அந்தப் பெண் இன்ஜினியர் தன் ரிப்போர்ட்டின் பிரதியோடு மேலிடத்துக்குத் தனியாக ஒரு குறிப்பு அனுப்பியிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். அதனாலோ, அக்காவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்ததாலோ, பதினோராவது திங்கள் புதுக் கடிதம் கையில் கொடுத்தார்கள். 'மனுதாரர் மீதான மின் திருட்டுக் குற்றச்சாட்டு ஆதாரமற்றது எனக் கண்டறியப்பட்டு ரத்து செய்யப்படுகிறது. முந்தைய கடிதம் திரும்பப் பெறப்படுகிறது.' கையெழுத்து, முத்திரை, தேதி.

வருந்துகிறோம் என்று ஒரு சொல் அதில் இல்லை. இன்றுவரை யாரும் சொல்லவும் இல்லை. அந்தச் சோதனை அதிகாரி வேறு ஊருக்குப் பதவி உயர்வில் போயிருக்கிறார்.

அக்கா அந்தக் கடிதத்தை நாற்பது நகல் எடுக்கச் சொன்னார். நான் காசு வேண்டாம் என்றேன். மேஜையில் வைத்துவிட்டுத்தான் போனார். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று. பட்டறைச் சுவரில் ஒன்று. மீன் கிடங்கு வாசலில், சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்தவர் கையில் ஒன்று.

பள்ளிக்கூடத்துக்கு அவரே போனார். தலைமை ஆசிரியை வாங்கிப் படித்துவிட்டு, "சந்தோஷம்மா. ஆனா பழசை எதுக்குக் கிளறணும்? பிள்ளைங்க மறந்துடுவாங்க," என்றார்.

"பிள்ளைங்க எல்லார் முன்னாடியும்தான் என் பொண்ணை அப்படிக் கூப்பிட்டாங்க டீச்சர். இதையும் எல்லார் முன்னாடியும் படிங்க."

மறுநாள் காலைக் கூட்டத்தில் படித்தார்கள். அக்கா கேட்டுக்கு வெளியே நின்று கடைசி வரி வரை கேட்டார். சாயங்காலம் சின்னவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, "ஏம்மா இப்படிப் பண்ற? எல்லாரும் என்னையே திரும்பிப் பாத்தாங்க. மானமே போச்சு," என்றாள்.

"போகட்டும்டி. இது நல்லதுக்குப் போற மானம்," என்றார் அக்கா. பிறகு, "குளிச்சுட்டு வா. தண்ணி நல்லா காஞ்சிருக்கு," என்றார். அவள் முணுமுணுத்துக்கொண்டே துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.